மைனஸ் நாற்பது காட்டும் லாரி

மே மாதத்து நாமக்கல். நிழலிலேயே 38 டிகிரி. சென்சார் ஒயர் அறுந்துபோன ஒரு டீசல் லாரியில் அந்த மதியத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால், எஞ்சினுக்குள் போகும் காற்று மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக வண்டியின் கணினி சொல்லும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். எண் தப்பு என்று சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை. ஆனால் ஏன் மைனஸ் 37 இல்லை, மைனஸ் 52 இல்லை? எந்தக் கம்பெனி வண்டியானாலும், எந்த நாட்டில் ஓடினாலும், காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பு விட்டுப்போனால் பெரும்பாலும் திரையில் வருவது இந்த ஒரே எண்தான்.

அதற்குப் போகுமுன், ஒரு டீசல் எஞ்சின் காற்றின் சூட்டைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வரும் வழி திறக்கிறது. டீசலில் காற்று பெரும்பாலும் தடையில்லாமலே உள்ளே போகிறது. மிதிப்பதற்கு ஏற்ப டீசலின் அளவுதான் கூடிக் குறைகிறது. எனவே, எவ்வளவு டீசல் வரை விடலாம் என்று ஓர் உச்சவரம்பு வேண்டும். அதை விதிப்பது சிலிண்டருக்குள் இருக்கும் ஆக்சிஜன். ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. டீசல் துளிகள் காற்றோடு ஒரே சீராகக் கலக்க அவகாசம் கிடைப்பதில்லை என்பதால், நடைமுறையில் எஞ்சின் இதைவிடத் தாராளமாகவே காற்றை வைத்துக்கொள்ளும். அந்த வரம்பு மீறினால், எரியாத கரி சைலன்சர் வழியே கறுப்புப் புகையாக வரும். பழைய பம்ப் வண்டிகளில் பட்டறையில் ஒரு திருகாணியைத் திருகி இந்த வரம்பை வைத்து அனுப்பினார்கள். இப்போது கணினி அதை ஒரு நொடிக்குள் பலமுறை புதிதாகக் கணக்கிடுகிறது.

கணக்கிடத் தேவையானது காற்றின் எடை. பூஜ்யம் டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.29 கிலோ. 40 டிகிரியில் அதே கனமீட்டர் 1.13 கிலோதான். வெயில் ஏறினால் எஞ்சின் இழுக்கும் கொள்ளளவு மாறுவதில்லை. அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. டர்போ வந்த பிறகு விவகாரம் இன்னும் சூடானது. 35 டிகிரிக் காற்றை டர்போ இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அமுக்கிய காரணத்தினாலேயே அது 120 டிகிரியைத் தொட்டுவிடும். அதைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் இன்டர்கூலர். அதைத் தாண்டிவரும் காற்று லோடையும் வேகத்தையும் பொறுத்து 50 முதல் 80 டிகிரி வரை இருக்கும். ஆகவே ஒரு நவீன டீசல் வண்டியில் காற்றுக்கென்றே இரண்டு மூன்று தெர்மாமீட்டர்கள் இருப்பது வழக்கம். முன் பம்பரை ஒட்டி வெளிக்காற்றுக்கு ஒன்று. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒன்று. இன்டர்கூலரைத் தாண்டி, அழுத்தம் அளக்கும் சென்சாரோடு ஒரே கூட்டில் ஒன்று. காற்றின் எடையை நேராகவே அளக்கும் சென்சார் பொருத்திய வண்டிகளில் வெப்பநிலையின் பங்கு சற்றுக் குறைவு. அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்து எடையைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும் வண்டிகளில் எல்லாமே இந்தச் சின்னப் பொருளின் தலையில்.

சின்னப் பொருள் என்றால் உண்மையிலேயே சின்னதுதான். பிளாஸ்டிக் கூட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது மிளகை விடச் சிறிய ஒரு மணி. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைப் பொடித்துச் சுட்டு எடுத்த பீங்கான். இதற்கு தெர்மிஸ்டர் என்று பெயர். சூடேறினால் செம்புக் கம்பியில் மின்தடை கூடும், இதில் குறையும். அணுக்களின் ஒழுங்கான அடுக்கு சூட்டில் அதிர்ந்து எலக்ட்ரான்களுக்கு இடையூறு செய்வது செம்பின் கதை. இந்தப் பீங்கானிலோ எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடுவதே இல்லை. ஒரு மாங்கனீசு அயனியிலிருந்து பக்கத்து அயனிக்குத் தாவித் தாவிப் போகின்றன. தாவுவதற்கு வேண்டிய தெம்பைச் சூடு தருகிறது. இந்தத் தலைகீழ் நடத்தையை முதலில் கவனித்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. 1833இல் வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது அது மின்சாரத்தை மேலும் நன்றாகக் கடத்துவதைக் கண்டு வியந்தார். குறைகடத்தி என்ற கருத்தே அப்போது இல்லை. அன்று விசித்திரமாகத் தெரிந்த குணம்தான் இன்று ஒவ்வொரு வண்டியிலும் வேலை பார்க்கிறது.

எவ்வளவு வேகமாகத் தடை குறைகிறது என்பதுதான் இதன் சிறப்பு. வண்டிகளில் பரவலாகப் பயன்படும் பாஷ் நிறுவனத்தின் ஒரு தெர்மிஸ்டரை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் 2500 ஓம். 40இல் 1175. 60இல் 596. 80இல் 323. மைனஸ் 40இல் 45,000 ஓமைத் தாண்டும். பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குப் போவதற்குள் தடை முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இதே வீச்சில் செம்புக் கம்பியின் தடை ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை.

கணினிக்கு ஓம் தெரியாது, வோல்ட்தான் தெரியும். அதனால் தன் பெட்டிக்குள்ளேயே ஒரு நிலையான மின்தடையை வைத்து, அதன் வழியே 5 வோல்ட்டை சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாரின் மறுமுனை தரையிணைப்பில். நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. உள்ளே இருப்பது 2200 ஓம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் 2.66 வோல்ட், 80 டிகிரியில் 0.64 வோல்ட். காற்று குளிரக் குளிர வோல்ட் ஏறும். ஒயர் அறுந்தால் மின்சாரம் ஓட வழியே இல்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினியின் மொழியில் அதற்குப் பொருள், எல்லையில்லாக் குளிர்.

எல்லையில்லாக் குளிரை எப்படி எண்ணாக எழுதுவது? வண்டிக் கணினிக்கும் ஸ்கேனருக்கும் இடையே வெப்பநிலையை அனுப்பும் பொது மரபு எளிமையானது. ஒரே ஒரு பைட். அதாவது 0 முதல் 255 வரை ஓர் எண். அதிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ் டிகிரி. எஞ்சின் ஓடக்கூடிய கடுங்குளிருக்கு அதுவே போதும் என்று அடிமட்டத்தை அங்கே வைத்தார்கள். ஆக, திரையில் தெரியும் மைனஸ் 40 உண்மையில் வெறும் பூஜ்யம். கணினியால் சொல்லமுடிந்த கடைசிக் குளிர். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் ஒரே இடமும் இதுவே என்பதால், அமெரிக்க மெக்கானிக்கும் நாமக்கல் மெக்கானிக்கும் அலகைக் கேட்காமலே ஒருவருக்கொருவர் பழுதைச் சொல்லிக்கொள்ளலாம். இது யாரும் திட்டமிடாமல் வாய்த்த வசதி என்றே நினைக்கிறேன்.

உண்மையான மைனஸ் 40 டிகிரிக் காற்று வந்தால் மேலே சொன்ன சுற்றில் 4.77 வோல்ட்தான் இருக்கும். 5 வோல்ட்டை ஒட்டிப் போனால் அது குளிரால் வந்ததில்லை, ஒயர் பழுதால் வந்தது என்று கணினிக்கே தெரிந்துவிடும். உடனே பி0113 என்ற பழுதுக் குறியைப் பதிந்து விளக்கை எரியவிடும். இரண்டு ஒயரும் உரசி ஷார்ட் ஆனால் எதிர்மாறு: வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும், திரையில் நம்பமுடியாத சூடு தெரியும், குறி பி0112. பெரும்பாலான கணினிகள் இதோடு நிற்பதில்லை. சென்சாரை ஒதுக்கிவிட்டு, கம்பெனி முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு நடுத்தர வெப்பநிலையை எடுத்துக்கொண்டு ஓட்டிவிடும். அதனால்தான் விளக்கு எரிந்தும் வண்டி நன்றாகவே ஓடுகிறது என்று டிரைவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சில வண்டிகளில் திரையில் தெரியும் எண்ணும் இந்த மாற்று எண்தான். இது தெரியாதவர், சென்சார் சரியாகவே படிக்கிறது என்று சொல்லிவிட்டு வேறெங்கோ தேடுவார்.

காற்றின் வெப்பநிலையை வைத்துக் கணினி செய்யும் இன்னொரு முடிவு கண்ணில் படாதது. எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் திருப்பிவிடும் ஈஜிஆர் என்ற ஏற்பாடு, எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதைத் தடுக்கிறது. கடுங்குளிரில் அந்தப் புகை குழாய்களில் பிசுபிசுத்துப் படியும் என்பதால் கணினி அதைக் குறைத்துவிடும். ஆக, குளிர் என்று தவறாகச் சொல்லும் சென்சார் நச்சு வாயுவைக் கூட்டுகிறது; அந்த வாயுவுக்குக் கறுப்புப் புகையைப் போல நிறம் கிடையாது, டிரைவருக்கு எதுவும் தெரியாது. சென்சார் உண்மையைச் சொல்லியும் இதே விளைவு வரலாம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. ஆஸ்திரியாவிலிருந்து வந்த வழக்குகளில் 2022 ஜூலை 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மென்பொருளைப் பற்றித் தீர்ப்பளித்தது. வெளிக்காற்று 15 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையில் இருந்தால் மட்டும் அந்தக் கார்களில் ஈஜிஆர் முழுமையாக வேலை செய்தது. அதற்கு வெளியே போனால் குறைந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழேதான். இது மாசுக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் கருவிதான் என்றது நீதிமன்றம். பம்பருக்குப் பின்னால் சேறு படிந்து தொங்கும் ஒரு பீங்கான் மணியின் அளவீடு அங்கே சட்டக் கேள்வியானது.

பட்டறைக்குத் திரும்புவோம். ஒயர் முழுதாக அறுந்தால் கணினியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கொஞ்சமாகத் தப்புச் சொல்லும் சென்சாரை என்ன செய்வது? 32 டிகிரிக்கு 45 என்று படிக்கிறது. 45 என்பது நம்பக்கூடிய எண். வோல்ட்டில் எந்த எல்லையும் மீறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் காற்றின் உண்மையான சூடு என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் அங்குலத்திலும் அது வேறு.

இங்கேதான் இந்தத் தொழிலின் மிக அழகான சோதனை வருகிறது. அதற்கு ஸ்கேனரைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாம். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைக்க வேண்டும்.

ஏழெட்டு மணி நேரம் அசையாமல் நின்ற வண்டியில் எஞ்சின் இரும்பு, ரேடியேட்டர் தண்ணீர், டீசல், உள்ளே அடைந்து கிடக்கும் காற்று எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். விடிந்ததும் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் எல்லா வெப்பநிலைகளையும் பார்க்க வேண்டும். கூலண்ட் 27, டீசல் 28, வெளிக்காற்று 27, உள்ளே போகும் காற்று 41 என்று வந்தால், குற்றவாளி யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சகஜம். பத்து என்றால் பழுது. இயற்பியலில் வெப்ப இயக்கவியலின் பூஜ்ய விதி என்று ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் தனித்தனியே மூன்றாவது ஒன்றோடு வெப்பச் சமநிலையில் இருந்தால், அவை தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்கிறது அது. படிக்கும்போது, இதை ஒரு விதியாக எழுதவேண்டுமா என்று தோன்றும். முதல், இரண்டாம் விதிகளுக்கெல்லாம் பெயர் வைத்து வெகுகாலம் கழித்துத்தான், அவற்றுக்கும் அடியில் இது இருக்கிறது என்று உணர்ந்து பூஜ்யம் என்று எண் கொடுத்தார்கள். தெர்மாமீட்டர் என்ற ஒன்றை நம்புவதற்கே இந்த விதிதான் ஆதாரம். விடியற்காலையில் பானட்டைத் திறக்காமலே சென்சாரைப் பிடிக்கும் மெக்கானிக் நம்பியிருப்பதும் அதைத்தான்.

வண்டிக் கணினிகளும் இதைச் செய்கின்றன. எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கு வைத்து, நீண்ட ஓய்வுக்குப் பின் ஸ்டார்ட் ஆகும்போது தம் தெர்மாமீட்டர்களை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் பி0111. கனடா போன்ற நாடுகளில் இரவில் எஞ்சினுக்கு மின்சார ஹீட்டர் போட்டு வைப்பார்கள். தண்ணீர் சூடாகவும் காற்று உறைந்தும் இருக்கும். அங்கே விற்கும் வண்டிகளின் மென்பொருளில் அதையும் கண்டுகொள்ளத் தனியாக எழுத வேண்டியிருந்தது. நம் ஊரில் வேறு பிரச்சினை. டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு ஏறினால், எஞ்சினின் மிச்சச் சூடு மேலேறி உள்ளே தேங்கிய காற்றைக் கொதிக்க வைத்திருக்கும். அந்த நேரத்தில் 70 டிகிரி காட்டினால் அது பழுதில்லை, உண்மை. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும்.

விடியற்காலைச் சோதனையில் தப்பிக்கும் பழுதும் ஒன்று உண்டு. அது சென்சாரில் இருக்காது, கனெக்டரில் இருக்கும். மழைத் தண்ணீர் புகுந்து பின்னில் பச்சைக் களிம்பு ஏறினால், அந்த இடத்தில் கூடுதலாக ஒரு மின்தடை சேர்ந்துகொள்ளும். 300 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரி. சென்சாரின் தடை 1707 ஓம். களிம்போடு சேர்த்து 2007. கணினி 26 என்று படிக்கும். நான்கு டிகிரிதானே, போகட்டும் என்று விட்டுவிடுவோம். அதே வண்டி லோடு ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறுகிறது. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 80 டிகிரி. சென்சாரின் தடை வெறும் 323 ஓம். அதோடு 300 சேர்ந்தால் 623. கணினி படிப்பது 59 டிகிரி. இருபத்தொரு டிகிரி பிழை! தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி, மூட்டை நிறுக்கும்போது தெரியாது. நூறு கிராம் நிறுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சூட்டில் சென்சாரின் தடை சுருங்கச் சுருங்க, களிம்பின் பங்கு பெரிதாகிறது. இந்தப் பிழையால், இருப்பதைவிட ஆறு சதவீதம் அதிகக் காற்று இருப்பதாகக் கணினி நம்பும். ஏற்றத்தில் முழு லோடில் டீசலைக் கூட்டிவிடும். சமதரையில் இல்லாத புகை கணவாயில் மட்டும் வரும். இன்ஜெக்டரைக் கழற்று, டர்போவைக் கழற்று என்று செலவு ஏறும் பழுது இது.

அதனால் சென்சாரை ஒரு வெப்பநிலையில் மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. கழற்றி மல்டிமீட்டரில் மாட்டி, ஐஸ் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையோடு சேர்த்து வைத்து ஒருமுறை, ஹேர் டிரையரில் சூடு காட்டி ஒருமுறை பார்க்கலாம். தடை தடுமாறாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சென்சார் நன்றாயிருக்கிறது. இனி ஒயர்.

ஒயரைச் சோதிக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தால் மைனஸ் 40 வர வேண்டும். பிறகு கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், எண் ஒரே தாவலாக நூறைத் தாண்டி மேலே போக வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் கணினியும் அடிப்படையில் சரி. சந்தேகம் சென்சார் பக்கம். பிடுங்கிய பிறகும் எண் அசையாமல் நின்றால் ஒயரில் எங்கோ உரசல், அல்லது கணினி மாற்று எண்ணுக்குத் தாவிவிட்டது. நான்கு பின் உள்ள கூட்டு சென்சாரில் மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. அழுத்த சென்சாருக்குப் போகும் 5 வோல்ட்டைத் தரையோடு இணைத்துவிட்டால் புதிதாக ஒரு பழுது பிறக்கும்.

இன்னும் ஒரு வகைப் பழுதில் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், நேரம்தான் பிசகும். ஈஜிஆர் கொண்டுவரும் கரியும் எஞ்சினின் எண்ணெய் ஆவியும் கலந்து, தார் போல ஒரு பூச்சு சென்சார் மேல் ஏறிவிடுகிறது. காலையில் 27 சரி. சூட்டில் 80 சரி. ஆனால் நொடிகளில் காட்ட வேண்டிய மாற்றத்தை மெதுவாகத்தான் காட்டும். மேடும் பள்ளமுமான சாலையில் கணினி எப்போதும் கடந்துபோன காற்றுக்கே டீசல் விட்டுக்கொண்டிருக்கும். இதற்குப் புது சென்சார் வாங்கத் தேவையில்லை. அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்துக் காயவிட்டால் பெரும்பாலும் போதும். துணியால் தேய்ப்பவர்கள் அந்த மெல்லிய மணியின் காலை உடைத்துவிட்டு, பிறகு உண்மையிலேயே மைனஸ் 40ஐப் பார்க்கிறார்கள்.

பழுதுக் குறியில் சென்சார் பெயர் வந்தாலே சென்சாரை மாற்றுவது பரவலான பழக்கம். அந்தக் குறி சொல்வது சுற்றின் பெயரை மட்டும்தான். சுற்றில் சென்சார், இரண்டு ஒயர், நான்கைந்து பின், தரையிணைப்பு, கணினி எல்லாம் அடக்கம். களிம்பைச் சுரண்டிப் பின்னை இறுக்கினால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் புது சென்சார் போடுகிறார்கள். கழற்றி மாட்டும்போது பின் சற்று உராய்ந்து சுத்தமாவதால் சில வாரம் நன்றாகவும் ஓடும். அப்புறம் மழை வரும்.

வேலை முடிந்ததும் குறியை அழித்துவிடலாம், விளக்கும் அணையும். ஆனால் எல்லாத் தெர்மாமீட்டர்களையும் ஒப்பிடும் அந்தச் சோதனையைக் கணினி நின்ற இடத்தில் செய்யாது. வண்டி முழுதாகக் குளிர்ந்து, மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். அதாவது இன்னொரு ராத்திரி பட்டறையிலேயே நிற்க வேண்டும். வெளியே லோடு ஏற்ற ஆள் காத்திருக்க, போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கும் லாரி முதலாளியிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எந்த ஸ்கேனராலும் ஆகாது.